‘தேசத்துரோக வழக்கு’ என்று எழுதாதீர்கள்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் செய்தித் தொலைக்காட்சிகளிலும் தலைப்பு எழுதும் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்கு,

போன வாரம் இரவு எட்டு மணிச் செய்தியில் திரையின் அடியில் சிவப்புப் பட்டையில் ஒரு வரி ஓடியது. ஃபேஸ்புக்கில் ஏதோ பதிவு போட்ட ஓர் இளைஞர் மீது “தேசத்துரோக வழக்கு”. அரை மணி நேரத்தில் பதினோரு தடவை ஓடியது. உட்கார்ந்து எண்ணினேன். அந்தப் பையன் என்ன எழுதினான் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, எந்தப் பிரிவு என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை நாளிதழின் எட்டாம் பக்கத்தில், செய்தியின் கடைசிப் பத்தியில்தான் பிரிவு கிடைத்தது: பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த புதுச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதா, 152.

பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்கள். இந்தியாவின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஆபத்து விளைவிக்கும் செயல் என்பதுதான் அதற்குச் சட்டம் வைத்திருக்கும் தலைப்பு. உள்ளே பிரிவினை, ஆயுதக் கிளர்ச்சி, நாசவேலை எல்லாம் வருகிறது. துரோகம் என்ற சொல் எங்கேயும் வரவில்லை. அதைச் சேர்த்தது நீங்கள்.

நான் கூடங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்க்காரி. பன்னிரண்டு வருடமாக ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். ஜாமீன் மனு, வக்காலத்து, பிரமாணப் பத்திரம் என்று நாள் முழுக்கச் சட்டத்தின் சொற்களைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வேலைக்கு நான் வந்ததே நீங்கள் எழுதிய அந்த ஒரு சொல்லால்தான்.

2012 செப்டம்பர் 10. இடிந்தகரைக் கடற்கரையில், கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்துப் போராடிய எங்கள் ஆட்கள் மேல் கண்ணீர்ப்புகைக் குண்டு விழுந்தது. பெண்களும் பிள்ளைகளும் கடலுக்குள் இறங்கி ஓடினார்கள். அன்றைக்கே மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் செத்துப்போனார். இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். இலைக்கு அடியில் விரிப்பதற்காகப் பக்கத்துக் கடையிலிருந்து நாளிதழ் வாங்கி வருவாள். அறிவொளி வகுப்பில் படிக்கக் கற்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத் தலைப்பின் மேல் விரலை ஓட்டினாள். தே, ச, த், து, ரோ, க. கீழே போலீஸ் தேடுகிறவர்கள் பட்டியலில் என் தம்பியின் பெயர், தகப்பன் பெயரோடு இருந்தது.

அம்மா அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்: “துரோகம்னா காட்டிக் குடுக்கதுதானட்டி? எம் புள்ள யாரக் காட்டிக் குடுத்தான்?”

எங்கள் ஊர் கத்தோலிக்க ஊர். எங்களுக்குத் துரோகி என்றால் யூதாஸ். கூடவே உட்கார்ந்து சாப்பிட்டு, முப்பது வெள்ளிக்காசு வாங்கிக்கொண்டு, முத்தம் கொடுத்துக் காட்டிக்கொடுத்தவன். ஒவ்வொரு பெரிய வியாழனும் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் அம்மா. ஊரைத் தாண்டிப் போனால் எட்டப்பன் பேரை ஏச்சாகவே வைத்திருக்கிற சீமை எங்களுடையது. குற்றம் என்றால் இங்கே யாரும் பயந்துபோக மாட்டார்கள். சாராய வழக்கு, அடிதடி வழக்கு, வலை வெட்டிய வழக்கு எல்லா ஊரிலும் உண்டு. அவற்றில் சிக்கினவனை மறுமாதம் கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். துரோகிக்குப் பந்தியில் இடம் கிடையாது. தமிழில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற கனம் அது. உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது, நீங்களும் இதே மொழியில் வளர்ந்தவர்கள்தான்.

சரி, என் தம்பி மீது இருந்த வழக்குதான் என்ன? எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வர மூன்று மாதம் ஆனது. அதில் அவன் 47-ஆம் எதிரி. (குற்றம் சாட்டப்பட்டவரை நம் நீதிமன்றத் தமிழ் ‘எதிரி’ என்றுதான் அழைக்கிறது. அதை அடிக்கும்போதெல்லாம் இன்றைக்கும் என் விரல் ஒரு நொடி நிற்கிறது.) அவனுக்குப் பிறகு இன்னும் சில பெயர்கள், அதற்கும் கீழே “மற்றும் பெயர் தெரியாத பலர்”. பிரிவுகளில் இந்திய தண்டனைச் சட்டம் 121-உம் 124ஏ-உம் இருந்தன. எங்கள் பக்கத்து ஊர்களில் அந்த ஒன்றரை வருடத்தில் இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் மீது வழக்கு. பாதிப் பேருக்குத் தங்கள் மீது வழக்கு இருப்பதே தெரியாது.

121 என்றால் இந்திய அரசுக்கு எதிராகப் போர் தொடுப்பது. மரண தண்டனை வரை உண்டு. 1945-இல் டெல்லி செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தின் ஷாநவாஸ் கான், சேகல், தில்லான் மூவரையும் நிறுத்தி விசாரித்தபோது பிரிட்டிஷ்காரன் போட்டது இதே 121-தான், அரசருக்கு எதிராகப் போர் என்று. இப்போது அது புதுச் சட்டத்தில் 147. 124ஏ வேறு. அரசாங்கத்தின் மேல் வெறுப்பையோ அவமதிப்பையோ விசுவாசமின்மையையோ தூண்டுவது அதன் குற்றம். அந்தப் பிரிவில் பேசப்படுவது ‘சட்டப்படி நிறுவப்பட்ட அரசாங்கம்’. தேசம் அதில் எங்கும் பேசப்படவில்லை. இன்றைய 152 மூன்றாவது சங்கதி. அதற்கு ஆயுள் தண்டனை, அல்லது ஏழு ஆண்டு வரை சிறை. மூன்றுக்கும் வாசகம் வேறு, நிரூபிக்க வேண்டியதும் வேறு. மூன்றுக்கும் சேர்த்துத் தமிழில் நீங்கள் வைத்திருப்பது ஒரே சொல். ஊபாவில், அதாவது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில், வழக்குப் போட்டாலும் சில நாளிதழ்கள் இதே சொல்லைத்தான் எடுக்கின்றன.

நூறு வருடத்துக்கு முந்தைய தமிழ் இவ்வளவு கவனக்குறைவாக இல்லை. எங்கள் ஜில்லாவில்தான் 1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். 124ஏ-யில் இருபது ஆண்டு, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு இருபது ஆண்டு. மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. அந்தக் குற்றத்துக்கு அன்றைய தமிழ் வைத்த பெயர் ராஜநிந்தனை, ராஜத்துரோகம். ராஜாவின் மீதான குற்றம். ராஜா வேறு, தேசம் வேறு என்று எழுதுகிறவர்களுக்கும் தெரிந்திருந்தது, படிக்கிறவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்தப் பிரிவில் ஜெயிலுக்குப் போனவரைத் தேசாபிமானி என்று சொல்ல முடிந்தது. ஒவ்வொரு செப்டம்பர் 5-ஆம் தேதியும் அவர் சிலைக்கு மாலை போடும் படத்தை நீங்கள் முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். அவரைச் செக்கிழுக்க வைத்த அதே பிரிவுக்கு, சுதந்திர நாட்டில், தேசத்துரோகம் என்று பெயர் வைத்ததும் உங்கள் பக்கங்கள்தான்.

இதற்கு ஒரு பதில் உங்களிடம் தயாராக இருக்கும். 2023 டிசம்பரில் உள்துறை அமைச்சரே நாடாளுமன்றத்தில், ராஜத்துரோகத்தை எடுத்துவிட்டோம், அதன் இடத்தில் தேசத்துரோகத்தை வைத்திருக்கிறோம் என்ற பொருளில் பேசினாரே என்பீர்கள். பேசினார். அது அவர் அரசியல். அவர் பேசியதைச் செய்தியாகப் போடுங்கள். ஆனால் நாடாளுமன்றம் நிறைவேற்றியது அவர் பேச்சை அல்ல, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற சட்ட வாசகத்தை. அமைச்சர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை மேற்கோள் குறிகூட இல்லாமல் தலைப்பில் வைத்தால் அது உங்கள் சொல்லாகிவிடுகிறது. அதோடு, கூடங்குளத்தில் எங்களை அப்படி எழுதியபோது இந்தப் புதுச் சட்டமே கிடையாது.

நான் சொல்வதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாட்டைக் காட்டிக்கொடுப்பது என்று ஒன்று உண்டு. கடற்படைக் கப்பல் எங்கே போகிறது என்று காசு வாங்கிக்கொண்டு சொல்கிறவனை எங்கள் ஊரில் ஒருத்தரும் வீட்டில் சேர்க்க மாட்டார்கள். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு எங்கள் ஆண்களுக்கெல்லாம் கைரேகை எடுத்து அடையாள அட்டை கொடுத்தார்கள். கடலில் சந்தேகப்படும்படி படகைக் கண்டால் 1093-க்குக் கூப்பிடுங்கள் என்றார்கள். தம்பி அந்த எண்ணைத் தன் செல்போனில் போட்டு வைத்திருந்தான். போலீஸ் தேடி வந்தபோதும் அது அவன் போனில்தான் இருந்தது.

ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லிவிடுகிறேன்.

2014-இல் அவனுக்குப் பெண் பார்த்தோம். வடக்கே ஒரு கடற்கரை ஊர், தூரத்துச் சொந்தம். எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. நிச்சயத்துக்கு நாலு நாள் முன்னால் பெண்ணின் தாய்மாமா வந்தார். மரியாதைக்காரர், குரல் உயர்த்தவில்லை. போனை எடுத்து எங்கள் அப்பாவிடம் நீட்டினார். தம்பியின் பெயரையும் ஊரையும் போட்டால் முதலில் வருவது நீங்கள் எழுதிய அந்தச் செய்தி. “வழக்கு இருக்கட்டும் மாப்ள, எங்க பக்கமும் வழக்கு இருக்கு. இந்த வார்த்தைதான்...” என்று நிறுத்திக்கொண்டார். காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அடுத்த வருடம் பஹ்ரைனில் மீன்பிடி வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பாஸ்போர்ட்டுக்கு எழுதினான். பாஸ்போர்ட் சட்டம் 1967, பிரிவு 6(2)(எஃப்), கிரிமினல் வழக்கு நிலுவையில் இருப்பதால் மறுக்கப்படுகிறது என்று கடிதம் வந்தது. இதற்கு நீங்கள் காரணம் என்று நான் சொல்லவில்லை, அது சட்டம் செய்தது. விசாரிக்க வந்த போலீஸ்காரர் தெருவில் நின்று “அந்தத் தேசத்துரோகக் கேஸ் பையன் வீடு எது?” என்று கேட்டார். எஃப்.ஐ.ஆரில் அந்தச் சொல் கிடையாது. அவருக்கு அது எங்கிருந்து கிடைத்தது?

பிறகு வாய்தாக்கள். வேலைக்குப் போகாமல், பஸ் பிடித்து, காலை பத்து மணிக்கு நீதிமன்ற வராந்தாவில் நிற்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அடுத்த தேதி. பெரியவர்களில் சிலர் வழக்கு முடிவதற்குள் இறந்துபோனார்கள், துரோக வழக்கோடேயே.

இந்த வழக்குகளின் உள்விவகாரம் ஒன்று அலுவலகத்தில் வேலை பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் நிருபர்கள் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. 121 ஆனாலும் 124ஏ ஆனாலும் அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளவே முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 196, புதியதில் 217. இவை எளிதாகக் கை வைக்கக் கூடாத பிரிவுகள் என்று சட்டமே நினைத்துத்தான் அந்தப் பூட்டைப் போட்டிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போட மட்டும் எந்த அனுமதியும் வேண்டாம். ஒரு இன்ஸ்பெக்டரின் அபிப்பிராயம் போதும். நீங்கள் தலைப்பு எழுதுவது அந்த இடத்தில் வைத்துத்தான். பூட்டுக்கு உள்ளே வழக்கு போனதா, வெளியிலேயே கிடந்து மக்கிப்போனதா என்று பார்க்க யாரும் திரும்பி வருவதில்லை.

மக்கிப்போவதுதான் அதிகம். உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2014 முதல் 2019 வரை நாடு முழுக்க 124ஏ-யில் 326 வழக்குகள். தண்டனை பெற்றவர்கள் ஆறு பேர். ஆறே பேர். மற்றவர்களைப் பற்றி நீங்கள் எழுதிய தலைப்புகள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன.

நீதிமன்றங்கள் இதைச் சொல்லாமல் இல்லை. 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, வன்முறையைத் தூண்டினால் அல்லது பொது அமைதியைக் குலைக்கும் நோக்கமோ போக்கோ இருந்தால்தான் 124ஏ என்று எல்லை போட்டது. அரசைக் கடுமையாகத் திட்டுவது அதில் வராது. 1995-இல் பல்வந்த் சிங் வழக்கில், காலிஸ்தான் வாழ்க என்று இரண்டு பேர் ஓரிரு தடவை கோஷம் போட்டது குற்றம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 2013 மே 6-இல் கூடங்குளம் தீர்ப்பில், போராட்டக்காரர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. அணுமின் நிலையம் இயங்கலாம் என்பது தலைப்பாக வந்தது. இந்த வரி பல நாளிதழ்களில் வரவே இல்லை. 2016-இல் கேதார்நாத் வரம்பை எல்லா அதிகாரிகளும் பின்பற்ற வேண்டும் என்று இன்னொரு உத்தரவு. அந்த மனுவைப் போட்டவர்களில் ஒருவர் எங்கள் போராட்டத்தை நடத்திய சுப. உதயகுமார். உத்தரவு வந்த தேதி செப்டம்பர் 5. நீங்கள் வ.உ.சி.க்கு மாலை போடும் படத்தை அச்சிடுகிற அதே தேதி.

2022 மே 11-இல் உச்ச நீதிமன்றம் 124ஏ-யையே நிறுத்தி வைத்தது. புதுச் சட்டம் வந்ததும் 152 அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2025-இல் அசாம் போலீஸ் பத்திரிகை ஆசிரியர்களுக்கே 152-இல் சம்மன் அனுப்பியது, உச்ச நீதிமன்றம் தலையிட்டுப் பாதுகாப்புக் கொடுத்தது. அந்தச் செய்தியை எழுதும்போது மட்டும் உங்களில் பலர் நிதானமாக ‘152-ஆவது பிரிவில் வழக்கு’ என்று எழுதினீர்கள். அந்த ஆசிரியர்களைத் துரோகி என்று எழுதக் கை வரவில்லை. வரக்கூடாதுதான். உங்களால் முடியும் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எங்களுக்கும் அந்த நிதானத்தைக் கேட்கிறேன்.

2021-இல் தமிழக அரசு போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. தம்பியின் வழக்கு அதற்கும் அடுத்த வருடம் நீதிமன்ற அனுமதியோடு முடிந்தது. உத்தரவு ஒன்றரைப் பக்கம், நான்தான் நகல் எடுத்தேன். அம்மா அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். முழுவதும் படித்துவிட்டு, “பேப்பர்ல போடுவாங்களாட்டி?” என்று கேட்டாள். அந்த வாரம் தினமும் கடைக்குப் போய் நாளிதழ் வாங்கி வந்தாள். இலை விரிப்பதற்கு அல்ல. ஒன்றிலும் வரவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான்.

124ஏ, 152, 147 எதுவானாலும் ‘தேசத்துரோக வழக்கு’ என்று எழுதுவதை நிறுத்துங்கள். பிரிவு எண்ணைப் போடுங்கள். ‘152-ஆவது பிரிவில் வழக்கு’ என்பது உங்கள் சிவப்புப் பட்டையில் தாராளமாக அடங்கும். இடம் இருந்தால் அந்தப் பிரிவு சொல்வதை நேராகச் சொல்லுங்கள்: அரசின் மீது வெறுப்பைத் தூண்டியதாக, நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு ஆபத்து விளைவித்ததாக, அரசுக்கு எதிராகப் போர் தொடுத்ததாக. கூடவே, போலீஸ் சொல்வது இது என்பதையும். அமைச்சரோ கட்சிக்காரரோ அந்தச் சொல்லைப் பேசினால் மேற்கோள் குறிக்குள், அவர் பெயரோடு போடுங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர் என்ன பேசினார், என்ன எழுதினார் என்பதைச் செய்தியின் முதல் பத்தியிலேயே வையுங்கள். படிக்கிறவர்கள் தாங்களே தீர்மானித்துக்கொள்வார்கள். அரசின் அனுமதி வந்ததா, குற்றப்பத்திரிகை தாக்கலானதா என்று நிருபரைக் கேட்கச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் வரவில்லை என்று ஒரு வரி.

உங்கள் அலுவலகத்தில் இந்தப் பிரிவுகளில் பதிவான வழக்குகளுக்கு ஒரு பதிவேடு வைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒருவர் உட்கார்ந்து எந்த வழக்கு என்னவாயிற்று என்று பார்க்கட்டும். விடுதலையானால், தள்ளுபடியானால், திரும்பப் பெறப்பட்டால், முதலில் செய்தி வந்த அதே பக்கத்தில் அதே அளவில் போடுங்கள்.

கடைசியாக, இணையத்தில் இருக்கும் பழைய செய்திகள். அழிக்கச் சொல்லவில்லை, நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும். 2011 முதல் 2013 வரை கூடங்குளம் பற்றி நீங்கள் போட்ட செய்திகளில், வழக்கு திரும்பப் பெறப்பட்டவர்களின் பெயர் வரும் இடத்தில் எல்லாம், செய்தியின் உச்சியில், தேதியோடு ஒரு வரி சேருங்கள்: இந்த வழக்கு பின்னர் திரும்பப் பெறப்பட்டது. ஆதாரம் வேண்டும் என்றால் நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகல்கள் எங்களிடம் இருக்கின்றன. எங்கள் ஊரில் மட்டும் முப்பத்தொரு பேருடையதை நானே எடுத்து வைத்திருக்கிறேன். எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் கொண்டுவர வேண்டும் என்று சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
47-ஆம் எதிரியின் அக்கா